மூன்றாம் நாள் தட்டுகள்

2019 ஜூன் பதினேழாம் தேதி, திங்கட்கிழமை காலை பதினொன்றரை மணிக்கு அழகுபாண்டி ஆஸ்பத்திரியை விட்டுக் கிளம்பினான். ஒன்பது நாள் படுத்திருந்த கட்டிலில் போர்வையை மடித்து வைத்துவிட்டு, கம்பு ஊன்றி ஒவ்வொரு படியாக இறங்கி வந்தான். கீழே அவனுடைய அக்கா தமிழ்ச்செல்வி ஆட்டோவை நிறுத்தி வைத்திருந்தாள். அவள் கைப்பையில் டிஸ்சார்ஜ் தாளும் அதோடு சேர்த்துப் பின் அடித்த ஒரு ரிப்போர்ட்டும் இருந்தன. அவன் வலது காலிலிருந்து எடுத்த சீழைச் சோதித்த ரிப்போர்ட் அது. "கிருமி வளர்ச்சி இல்லை" என்று ஒரே வரி. அந்த வரியை டைப் செய்து கையெழுத்துப் போட்டவளும் தமிழ்ச்செல்விதான்.

"இனி இது என் காலுதானக்கா? இல்ல கம்பி வச்ச டாக்டருக்கும் பங்கு இருக்கா?" என்று ஆட்டோவில் ஏறும்போது கேட்டான்.

"உன் காலுதேன். பத்திரமா வச்சுக்க."

"அப்ப நாளைக்கே தோட்டத்துல இறங்கலாம்ல?"

"ஆவணி வரைக்கும் பொறு. அதுக்குள்ள வெத்தலை ஒண்ணும் ஓடிப் போயிராது."

அவனுக்கு அப்போது இருபத்தாறு வயது. சோழவந்தான் பக்கம் அவர்கள் அப்பா முத்திருளனுக்கு ஒன்றரை ஏக்கரில் வெற்றிலைத் தோட்டம். வாய்க்கால் தண்ணீரில் முழங்கால் அளவு நின்றுதான் கொடி கட்ட வேண்டும், இலை கிள்ள வேண்டும். ஒற்றைக் காலை வைத்துக்கொண்டு செய்கிற வேலை இல்லை. முந்தின வருஷம் ஆடியில் வாடிப்பட்டி ரோட்டில் பைக்கோடு விழுந்து கால் எலும்பு முறிந்தது. கம்பி வைத்துத் தைத்தார்கள். தைத்த இடம் மூடவே இல்லை. எலும்புக்குள் கிருமி போய்விட்டது என்றார் டாக்டர். பெரிய வெள்ளை மாத்திரை காலையில் இரண்டு, மாலையில் இரண்டு. அவ்வப்போது ஜென்டாமைசின் ஊசி. அப்படியே பத்து மாதம் ஓடியிருந்தது. இப்போது ரிப்போர்ட் சுத்தமாக வந்ததால் வீட்டுக்கு அனுப்பினார்கள்.

தமிழ்ச்செல்வியும் நானும் மதுரையில் ஒரே கல்லூரியில், ஒரே பெஞ்சில் நுண்ணுயிரியல் படித்தோம். நான் படிப்பு முடிந்ததும் ஊர் ஊராகக் கிளம்பிப் போய்விட்டேன். அவள் கல்யாணமாகி ஆனையூரில் குடியேறி, நகரத்துக்குள் ஒரு தனியார் லேபில் வேலைக்குச் சேர்ந்தாள். அப்போதே பதினோரு வருஷமாக அதே லேப், அதே மேசை. கல்லூரியில் அவள் பெரிய கெட்டிக்காரி என்று யாரும் சொன்னதில்லை. ஆனால் ஒரு தட்டை அவள் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்க்கிற விதத்தை எங்கள் புரொபசரே நின்று கவனிப்பார். கண் இமைக்காமல், அரிசியில் கல் பார்ப்பது போலப் பார்ப்பாள்.

அவளுடைய வேலை இதுதான். சீழ் வந்தால் முதலில் ஆட்டு ரத்தம் கலந்த தட்டில் தேய்த்து, உடம்புச் சூட்டில் இருக்கும் இன்குபேட்டர் பெட்டிக்குள் வைக்க வேண்டும். மறுநாள் புள்ளி புள்ளியாக எது வளர்ந்திருக்கிறதோ அதைத் தொட்டு இரண்டாவது தட்டில் பரப்ப வேண்டும். அதில் ரத்தம் இருக்காது. அதன்மேல் மருந்து தோய்த்த சின்னக் காகித வில்லைகளை வைக்க வேண்டும். மூன்றாம் நாள் காலை, எந்த வில்லையைச் சுற்றிக் கிருமி வளராமல் வட்டம் விழுந்திருக்கிறதோ, அந்த மருந்து கேட்கும் என்று எழுத வேண்டும்.

லேபில் ஒரு பழக்கம் இருந்தது. இரண்டாவது தட்டில் எதுவுமே வளரவில்லை என்றால், முதல் தட்டில் கண்டது காற்றில் வந்து விழுந்த தூசி. எந்தப் புத்தகத்திலும் அப்படி இல்லை. ஆனால் அங்கே வேலை பார்த்த எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள். காரணம் சாதாரணமானது. கண்ணாடித் தட்டுகள் மொத்தமே நூற்றிருபது. மூன்றாம் நாள் காலை ஒன்பது மணிக்குப் பழைய தட்டுகளை ஆட்டோகிளேவில் ஏற்றி வேகவைத்துக் கழுவினால்தான் அன்றைய வேலைக்குத் தட்டு இருக்கும்.

தம்பியின் சீழைத் தேய்த்த முதல் தட்டில் அவள் எதையோ பார்த்தாள். ஊசி முனை அளவில் சில புள்ளிகள். தட்டைச் சாய்த்தால் தெரியும், நேராகப் பிடித்தால் மறையும். தொட்டு இரண்டாவது தட்டில் பரப்பினாள். மூன்றாம் நாள் அது கழுவி வைத்ததுபோல் இருந்தது.

"அண்ணே, இதைக் கொஞ்சம் பாருங்க" என்று சத்தியசீலனிடம் நீட்டினாள். அவர் அந்த லேபின் மூத்த டெக்னீசியன். மிஷன் பள்ளி வாத்தியார் மகன். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பாடுவார், மற்ற ஆறு நாளும் லேபில் பாடுவார்.

கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்தார். "தூசிம்மா. பத்து மாசமா மாத்திரையை முழுங்குறான், இன்னும் எந்தக் கிருமி அங்க உக்காந்திருக்கும்? சந்தோசமா எழுதிக் குடு."

அவளும் சந்தோஷமாகத்தான் எழுதினாள். அந்தத் தட்டு மற்றத் தட்டுகளோடு வெந்தது.

புரட்டாசியில் புண் மறுபடி திறந்தது. சீழ் எடுத்தார்கள். அதே ஊசி முனைப் புள்ளிகள், அதே வெறும் இரண்டாவது தட்டு, அதே ஒரு வரி. டாக்டர் அதே மாத்திரையை நீட்டினார். கிருமி இல்லாத சீழ் எங்கிருந்து வருகிறது என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் பதில் சொல்ல வேண்டியவள் தமிழ்ச்செல்விதான். பெண் பார்த்து வைத்திருந்த சமயநல்லூர்க்காரர்கள் தை பிறக்கட்டும் என்றார்கள்.

தைக்கு முன்னால் மூன்றாவது முறை சீழ் வந்தது. இரண்டாவது தட்டைப் பெட்டிக்குள் வைத்த மறுநாள் காலை அது வெறுமையாக இருந்ததைப் பார்த்து, அதே ஒரு வரியை எழுதிக் கொடுத்துவிட்டு, அவள் பொங்கலுக்கு ஊருக்குப் போய்விட்டாள். ஆட்டோகிளேவ் ஏற்றுகிறவரும் லீவு. அடுத்த திங்கட்கிழமை திரும்பி வந்து பெட்டியைத் திறந்தபோது, அந்தத் தட்டு ஒரு வாரமாக உள்ளேயே கிடந்திருந்தது. ஓரம் காய்ந்து சுருங்கியிருந்தது. தட்டின் ஒரு பக்கம் காற்றிலிருந்து விழுந்த வேறொரு கிருமி மஞ்சளாக, பட்டாணி அளவுக்குக் கொழுத்து வளர்ந்திருந்தது. கழுவப் போடும்முன் பழக்கத்தில் தட்டைச் சாய்த்தாள்.

மஞ்சள் கட்டியைச் சுற்றி, அதை ஒட்டி மட்டும், ஊசி முனைப் புள்ளிகள் முளைத்திருந்தன. கட்டிக்குப் பக்கத்தில் இருந்தவை கொஞ்சம் பெரியவை. தள்ளிப் போகப் போகச் சிறுத்து, பிறகு ஒன்றுமே இல்லை. கல்யாண மண்டபத்துக்குப் பின்னால் எச்சில் இலை விழுகிற இடத்தைச் சுற்றி நாய்கள் நிற்பது போல நின்றன என்று என்னிடம் சொன்னாள்.

தூசி அப்படி வளராது. அவை உயிருள்ளவை. அந்தத் தட்டில் அவற்றுக்கு ஏதோ ஒரு சாப்பாடு கிடைக்கவில்லை, பக்கத்தில் இருந்த கட்டியிலிருந்து அது கசிந்திருக்கிறது. அன்று மத்தியானம் அவள் சாப்பிடவில்லை. பழைய பாடப் புத்தகத்தையும் செல்போனையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

விஷயம் இவ்வளவுதான். ஒரு கிருமி இரண்டாகப் பிரிய வேண்டுமானால் தன் மரபு நூலை, அதாவது டி.என்.ஏ.வை, இன்னொரு பிரதி எடுக்க வேண்டும். அந்த நூலின் எழுத்துகளில் ஒன்றைச் செய்யத் தைமிடின் என்ற பொருள் வேண்டும். கிருமி அதைத் தானே தயாரித்துக்கொள்ளும். அழகுபாண்டி விழுங்கிய வெள்ளை மாத்திரை, கோட்ரைமாக்சசோல், அந்தத் தயாரிப்பைத்தான் நிறுத்துகிறது. பத்து மாதம் அந்த மாத்திரைக்கு நடுவே வாழ்ந்த கிருமிகளில் சில, தயாரிப்பதையே கைவிட்டுவிட்டன. சீழில் செத்துக் கிடக்கும் செல்களிலிருந்து கசிகிற தைமிடினை எடுத்துக்கொண்டு பிழைத்தன. அடுப்பை அணைக்கிற மருந்து, அடுப்பே இல்லாத வீட்டில் என்ன செய்யும்? லேபின் இரண்டாவது தட்டிலோ தைமிடின் ஏறக்குறைய இருக்காது. இருந்தால் அந்த மாத்திரையைச் சோதிக்க முடியாது என்பதற்காக, அது இல்லாமலேதான் செய்வார்கள். ஆகவே தம்பியின் காலில் தின்று கொழுத்த கிருமி, அக்காவின் தட்டில் பட்டினி கிடந்தது. அக்கா அதைத் தூசி என்று எழுதினாள்.

அவள் நிச்சயப்படுத்திக்கொள்ள நினைத்தாள். புதுத் தட்டின் நடுவே ஒரு சாதாரணக் கிருமியைக் கோடாக இழுத்தாள். குறுக்கே தம்பியின் கிருமியைத் தேய்த்தாள். நான்கு நாள் காத்திருந்தாள். கோட்டை ஒட்டி இரண்டு பக்கமும் புள்ளிகள் வந்தன. போட்டோ எடுத்து எனக்கு அனுப்பினாள். நான் அப்போது ஆர்மீனியாவில் ஒரு பஸ்ஸில் இருந்தேன். படத்தைப் பெரிதாக்கிக்கூடப் பார்க்காமல் ஒரு கட்டைவிரலை அனுப்பினேன்.

ஜென்டாமைசின் ஊசி ஏன் கேட்கவில்லை என்பதும் அவளை விடவில்லை. அந்த மருந்து கிருமிக்குள் போக, கிருமியே சக்தி செலவழித்து உள்ளே இழுக்க வேண்டும். மந்தமாகக் கிடக்கும் கிருமி இழுக்காது. அப்படிப்பட்ட கிருமிக்குச் சர்க்கரை கொடுத்தால் அது விழித்துக்கொண்டு மருந்தையும் சேர்த்து இழுக்கும், இழுத்துச் சாகும் என்று ஓர் ஆய்வில் படித்தாள். லேபின் அலமாரியில் விதவிதமான சர்க்கரைப் புட்டிகள் இருந்தன. எந்தக் கிருமி எந்தச் சர்க்கரையைத் தின்கிறது என்று பார்த்து அடையாளம் காண்பதற்கானவை. பழச்சர்க்கரையை எடுத்தாள். ஒரு குழாயில் கிருமியும் மருந்தும். இன்னொன்றில் கிருமி, மருந்து, ஒரு சிட்டிகை பழச்சர்க்கரை.

"கிருமிக்கு ஜிகர்தண்டா வாங்கிக் குடுத்துக் கொல்லப் போறியாம்மா?" என்றார் சத்தியசீலன்.

"ஆமண்ணே. செத்தா உங்களுக்கும் ஒண்ணு வாங்கித் தாரேன்."

முதல் குழாயிலிருந்து எடுத்துத் தேய்த்த ரத்தத் தட்டில் எண்ண முடியாத அளவுக்குப் புள்ளிகள் வந்தன. சர்க்கரை சேர்த்ததில் பதினொன்று. மூன்று முறை செய்தாள். மூன்று முறையும் கிட்டத்தட்ட அப்படியே வந்தது. சத்தியசீலன் அன்றைக்குப் பாடவில்லை. தட்டை வெகுநேரம் கையில் வைத்துக்கொண்டு, "ஜூன்ல நான்தானம்மா தூசின்னு சொன்னேன்" என்றார்.

"நான்தானண்ணே எழுதினேன்."

அந்த ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போய் வீட்டில் எல்லோரிடமும் சொன்னாள். பதினோரு வருஷ வேலையில் வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சொல்ல அவளுக்குக் கிடைத்த முதல் செய்தி அதுதான். "சர்க்கரை குடுத்தா மருந்து உள்ள போயிருதும்மா. கிருமி பொத்துப் பொத்துன்னு சாகுது" என்றாள். அவள் அம்மா சின்னத்தாய் கேட்டுக்கொண்டே தேங்காய் துருவினாள்.

டாக்டர் அவளை உட்கார வைத்துப் பொறுமையாகவே கேட்டார். தட்டுகளின் படங்களைப் பார்த்தார். பிறகு, "இது தட்டுல நடந்தது. எலும்புக்குள்ள நான் எப்படிம்மா சர்க்கரை அனுப்ப?" என்றார்.

"சர்க்கரை வேணாம் சார். மாத்திரையை மட்டும் நிறுத்திட்டு வேற குடுங்க. இந்தக் கிருமிக்கு அது கேக்காது."

"எதை வச்சு மாத்த? மூணு ரிப்போர்ட்லயும் வளர்ச்சி இல்லைன்னு உங்க கையெழுத்துதான் இருக்கு. நாலாவதா நீங்களே வந்து வளருதுங்கிறீங்க. ஏதாவது பெரிய லேப்ல உறுதிப்படுத்திட்டு வாங்க, அன்னைக்கே மாத்துறேன்."

அவர் சொன்னதில் தப்பில்லை என்றுதான் அவளுக்கும் தோன்றியது. லேப் முதலாளி, அப்படி ஒரு ரிப்போர்ட் தன் லேப் பெயரில் போகக் கூடாது என்று சொல்லிவிட்டார். பழைய மூன்று ரிப்போர்ட்டுகளும் பொய்யாகிவிடும் என்று அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை. மார்ச் ஒன்பதாம் தேதி, தன் சொந்தச் செலவில், கிருமியை ஒரு சின்னக் குழாயில் வளர்த்து மெழுகு வைத்து அடைத்து, வடக்கே ஓர் ஆராய்ச்சி நிலையத்துக்கு அனுப்பினாள். ஐந்து நாளில் "பெற்றுக்கொண்டோம்" என்று மின்னஞ்சல் வந்தது. அதற்குப் பத்து நாளில் ஊரடங்கு.

அந்த நிலையத்தின் போனை யாரும் எடுக்கவில்லை. அவர்களும் கொரோனாச் சோதனைக்கு மாறியிருப்பார்கள். அவளுடைய லேபும் மாறியது. கிருமி வளர்க்கும் மேசை முழுக்க மூக்குச் சளிக் குழாய்கள். பன்னிரண்டு மணி நேரம் கவச உடைக்குள். வீட்டுக்கே போக விடாமல் லேபுக்குப் பக்கத்து லாட்ஜில் தங்க வைத்தார்கள். ஊருக்குப் போவது பற்றிய பேச்சே இல்லை.

ஏப்ரல் கடைசியில் ஒருநாள் அம்மாவுக்குப் போன் செய்தாள்.

"பாண்டிக்குக் காய்ச்சல் இருக்காம்மா?"

"லேசாத்தேன் இருக்கு. புண்ணுல நாத்தம் நல்லாக் கொறைஞ்சிருச்சு. நீ சொன்னது சரிதேன் தாயி."

"நான் என்னம்மா சொன்னேன்?"

"சீனி."

ஆறு வாரமாகச் சின்னத்தாய் சீனியை மிக்ஸியில் மாவாக அரைத்து, காலையும் மாலையும் மகனின் புண்ணுக்குள் வைத்துக் கட்டி வந்திருந்தாள். வெள்ளை மாத்திரையும் நிற்கவில்லை. சீனி வைத்தால் புண்ணில் நாற்றம் குறையும், அது உண்மைதான். எலும்புக்குள் நடப்பது வெளியே தெரியாமல் போகும், அதுவும் உண்மைதான்.

தமிழ்ச்செல்வி தம்பியிடம் போனைக் கொடுக்கச் சொன்னாள். "டேய், இன்னைக்கே கிளம்பி ஆஸ்பத்திரிக்கு வாடா."

"வாடிப்பட்டியில போலீஸ் நிப்பாட்டுறான்க்கா. பாஸ் வேணுமாம். இப்பத்தேன் கொஞ்சம் கொறைஞ்சிருக்கு. பாப்போம்."

"கொறையலடா. எம்புட்டுச் சொன்னாலும் நீ கேக்க மாட்டியா?"

"சீனி வைக்கச் சொன்னவளே நீதானக்கா" என்று சிரித்தான்.

பதினோரு நாள் கழித்து, நடுங்கிக்கொண்டே, வெற்றிலை ஏற்றுகிற சின்ன லாரியில் வந்தான். அதற்குள் எலும்பு முழங்கால்வரை செத்திருந்தது. மே இருபத்தொன்பதாம் தேதி, முழங்காலுக்கு மேலே வைத்து வலது காலை எடுத்தார்கள்.

பத்து நாள் கழித்துத்தான் அவளை வார்டுக்குள் விட்டார்கள். கட்டிலின் கால்மாட்டில் நின்றுகொண்டு எல்லாவற்றையும் சொன்னாள். ஜூன் மாதத்து ஊசி முனைப் புள்ளிகள், தட்டை வேகவைத்தது, பொங்கல், மஞ்சள் கட்டி. அழுதால் சொல்லி முடிக்க முடியாது என்று அழாமல் சொன்னாள். அவன் மின்விசிறியைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தான்.

"அம்புட்டுத்தானா?" என்றான்.

"அம்புட்டுத்தேன்."

"சரி. அந்தத் தண்ணிப் பாட்டிலை எடு."

அதற்குப் பிறகு அவன் அதைப் பற்றிப் பேசியதில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன் என்கிறாள். சமயநல்லூர்ச் சம்பந்தம் தானாக நின்றது. முத்திருளன் தோட்டத்தைக் குத்தகைக்கு விட்டார். குத்தகைக்காரரின் கொட்டகையில் பெண்களோடு உட்கார்ந்து வெற்றிலையை நூறு நூறாக அடுக்கிக் கட்டுவதுதான் இப்போது அழகுபாண்டியின் வேலை. செயற்கைக் கால் வாங்கினார்கள். அது வெட்டுப்பட்ட இடத்தில் உரசிப் புண்ணாக்கியது, கழற்றிப் பீரோவுக்கு மேல் போட்டுவிட்டான். போன மாதம் நான் போயிருந்தபோது என்னை நன்றாக விசாரித்தான், எந்தெந்த நாட்டில் வெற்றிலை போடுவார்கள் என்று கேட்டான். அக்கா காப்பி கொண்டுவந்து வைத்ததும் பேச்சை நிறுத்தி இலையை அடுக்க ஆரம்பித்தான்.

தமிழ்ச்செல்வி அதே லேபில்தான் இருக்கிறாள். சீழ்த் தட்டுகளை ஏழு நாள் வைக்க வேண்டும் என்று முதலாளியிடம் மூன்று முறை கேட்டாள். தட்டு இல்லை என்றார். தன் சம்பளத்தில் நாற்பது தட்டு வாங்கிக் கொண்டுவந்து வைத்தாள். ஒரு வருஷத்துக்கு மேல் ஒவ்வொரு சீழையும் ஏழாம் நாள்வரை சாய்த்துச் சாய்த்துப் பார்த்தாள். அப்படி ஒரு புள்ளியும் அவள் கண்ணில் படவில்லை. சத்தியசீலன் ஓய்வு பெற்றுத் திருநகரில் மகன் வீட்டோடு இருக்கிறார். 2022இல் லேபுக்கு ஒரு மெஷின் வந்தது. பதினெட்டு மணி நேரத்தில் அதுவே கிருமியைப் படித்து, மருந்துப் பட்டியலையும் அச்சடித்துவிடும். மெதுவாக வளர்கிறவற்றுக்கு அது காத்திருப்பதில்லை. அவள் வாங்கிய நாற்பது தட்டுகளும் மாடிப்படிக்குக் கீழே ஒரு சாக்கில் கிடக்கின்றன. முன்பு தட்டைச் சாய்த்துப் பார்த்த இடத்தில் உட்கார்ந்து, மெஷின் தருகிற தாளில் கையெழுத்துப் போடுகிறாள்.

எல்லாவற்றையும் சொல்லி முடித்த பிறகு அவள் செல்போனில் ஒரு மின்னஞ்சலைத் திறந்து என்னிடம் நீட்டினாள். 2023 டிசம்பர் நான்காம் தேதி வந்தது. இதுவரை பதில் போடவில்லை என்றாள். ஆங்கிலத்தில் இருந்ததைத் தமிழில் தருகிறேன்.

"மதிப்பிற்குரிய தமிழ்ச்செல்வி அவர்களுக்கு, 2020 மார்ச்சில் தாங்கள் அனுப்பிய மாதிரி பெருந்தொற்றுக் காலத்தில் உறைபெட்டியில் வைக்கப்பட்டு, இந்த ஆண்டுதான் சோதனைக்கு எடுக்கப்பட்டது. தாமதத்துக்கு வருந்துகிறோம். கிருமி உயிருடன் உள்ளது. வளரத் தைமிடின் தேவைப்படும் வகை என்ற தங்கள் கணிப்பு முற்றிலும் சரி. கோட்ரைமாக்சசோலை உடனே நிறுத்தும்படி நோயாளியின் மருத்துவருக்குத் தெரிவிக்கவும். தைமிடின் சேர்த்த தட்டில் சோதித்தபோது, எளிதில் கிடைக்கும் இரண்டு மாத்திரைகள் இதற்கு நன்றாக வேலை செய்கின்றன. பெயர்களை இணைப்பில் காண்க. எங்கள் ஆய்வைத் தொடர, நோயாளியின் வலது காலிலிருந்து புதிதாக ஒரு சீழ் மாதிரி எடுத்து அனுப்ப இயலுமா?"